நூற்று எழுபது என்று ஒரு முத்திரை

சென்ற மாதம் மருத்துவமனைப் பதிவறை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "நம்ம வேல என்னா ஆன்ட்டி, டாக்டர் பாத்ததுக்கு ஒரு நம்பர் போடறதுதான. தப்பாப் போட்டா மட்டும் யாருக்கு என்னா ஆயிடப் போவுது?"

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் நானே இப்படிப் பேசியிருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இது நான் செய்த தப்பைப் பற்றியது. என்னைவிடப் பெரிய தப்பைச் செய்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு போனவர்களைப் பற்றியதும்தான்.

2004இல் கடலூரில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒரு சிறிய மருத்துவமனை திறந்தார்கள். அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம், இன்று அது அந்தக் கட்டடத்திலும் இல்லை. வேறோர் ஊரில் பெரிய ராணுவ மருத்துவமனையில் பதிவு எழுத்தராக இருந்த நான், சொந்த ஊர்ப் பக்கம் வரலாம் என்று மாற்றல் கேட்டு அங்கே வந்தேன். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மஞ்சக்குப்பத்தில் இறங்கி நடப்பேன்.

என் வேலை குறியீடு போடுவது. ஒருவர் எந்தப் பிரிவில் சிகிச்சை பெற்றாரோ அந்தப் பிரிவுக்கு ஓர் எண் உண்டு. பொது மருத்துவம் நூற்றுப் பத்து. எலும்பு நூற்று நாற்பது. மனநலம் நூற்று எழுபது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எந்த எண்ணில் எத்தனை பேர் என்று கூட்டி, கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவேன். எந்த ஊருக்கு எந்த டாக்டரை அனுப்புவது, எந்த மருந்தை அனுப்புவது, எந்தப் பிரிவை மூடுவது எல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான் முடிவாகும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் பொறுப்பதிகாரி ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவர். விறைப்பானவர், எதிலும் வேகம் வேண்டும் அவருக்கு. கூட்டம் அதிகமான நாளில் கண் டாக்டரைப் பார்க்க வந்தவர் எலும்பு வரிசையில் நின்றுவிடுவார். அதைத் தடுக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்களை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, ஒவ்வொருவரின் ஓ.பி. நோட்டு அட்டையிலும் சிவப்பு மையில் பெரிதாகக் குத்தச் சொன்னார். "இனிமே யாரும் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க வேணாம். அட்டையப் பாத்து அனுப்புங்க" என்றார். நல்ல யோசனை என்று நான்தான் முதலில் சொன்னேன். குத்தியதும் நான்தான்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு எண் என்றால் சீக்கிரம் மனதில் பதியும். ஆறு மாதத்துக்குள் கடலூர் சுற்றுவட்டாரத்தில் இருந்த முன்னாள் படைவீரர் அத்தனை பேருக்கும் நூற்று எழுபது என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கும்போதே கேலி பேசினார்கள். "தள்ளி நில்லுப்பா, நூத்தியெழுவது வருது" என்று ஒருவர் சொல்லி மற்றவர்கள் சிரித்ததை என் ஜன்னல் வழியாக நானே கேட்டிருக்கிறேன். ஆண்கள் எதையாவது சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

2007இல் ஒரு திங்கட்கிழமை தனலட்சுமி என் ஜன்னலுக்கு வந்தாள். புவனகிரிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் கணவர் கலியமூர்த்தி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். முன்னால் போன வண்டி வெடித்ததைப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு தூக்கம் போய், பேச்சுப் போய், வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற அளவுக்கு ஆகியிருந்தார். எங்கள் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில்தான் தேறினார். நெல்லுக்குத் தண்ணீர் கட்டினார், சைக்கிளில் கடைக்குப் போய்வந்தார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்திருந்தார்கள்.

தனலட்சுமி நோட்டை என் முன்னால் வைத்தாள். "இத நீங்கதான குத்துனீங்க அக்கா?"

"ஆமாம். ஏன்?"

"நேத்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்ளயோட சித்தப்பா மிலிட்டிரி. டிவி பக்கத்துல இந்த நோட்டு கெடந்துச்சு. எடுத்து அட்டையப் பாத்தாரு, அப்டியே வெச்சிட்டாரு. காபி குடிச்சிட்டு எழுந்து போய்ட்டாங்க. ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே, மாத்திர சாப்டறாரு, நல்லாதான் இருக்காருன்னு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பொறுப்பதிகாரியிடம் போனேன். அவர் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அந்த மாதிரி கேஸ் எல்லாத்தயும் நூத்திப் பத்துல போட்ருங்க. முடிஞ்சிது" என்றார்.

எனக்கு அது பெரிய கருணையாகத் தெரிந்தது. தனலட்சுமிக்குப் புது நோட்டு கொடுத்தேன். அட்டையில் நூற்றுப் பத்து குத்தினேன், உள்ளே தலைவலி என்று எழுதினேன். பேரேட்டிலும் நூற்றுப் பத்து. செய்தி பரவி மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கி வந்து நோட்டை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் நூற்று எழுபதில் ஒருவர்கூட இல்லை. மனநல மருத்துவர் வழக்கம்போல ஒரு சனி விட்டு ஒரு சனி சிதம்பரத்திலிருந்து வந்து, சாயந்திரம் வரை ஆட்களைப் பார்த்துவிட்டுப் போனார். நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நூற்று எழுபதுக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஒரு நாள் அந்த மருத்துவர் என் மேசையில் இருந்த அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். "நான் இங்க வர்றதே இல்லயா?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "நல்லதுக்குத்தான் செய்யறீங்க, புரியுது. ஆனா இது எங்க போய் நிக்கும்னு யோசிச்சீங்களா?" என்றார். அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

2010இன் நடுவில் மேலிடத்துக் கடிதம் வந்தது. தொடர்ந்து நோயாளிகள் இல்லாததால் மனநலப் பிரிவு நிறுத்தப்படுகிறது, அதற்கான மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. நாலு வரி. ஒரு டாக்டர் வருடக்கணக்காக மாதம் இரண்டு தடவை ஓர் ஊருக்குப் போய்வருகிறார், அவரிடம் ஒருவர்கூடக் காட்டிக்கொள்ளவில்லை என்று தாள் சொல்கிறது, மருந்து மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கிறது. இது எப்படி என்று கேட்க அங்கே ஒரே ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரு போன் போதும்.

மூன்றாவது வாரம் தனலட்சுமி வந்தாள். மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெளியே கடையில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் கேட்டாள். அவளைப் பொறுப்பதிகாரியின் அறைக்கு நானே அழைத்துப் போனேன். அவர் கலியமூர்த்தியின் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தலவலின்னுதான் இருக்கு. பொது மருத்துவம். ரெக்கார்டுல அந்த வியாதியே இல்லயேம்மா. இல்லாத வியாதிக்கு நான் எப்டி லெட்டர் குடுக்கறது?"

அவருக்குத் தெரியாதா? நூற்றுப் பத்தில் போடச் சொன்னதே அவர்தான். மறந்துவிட்டார் என்றுகூட நான் நினைத்துப் பார்க்க முயன்றேன். மறக்கவில்லை. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே கண்ணை நோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். ஒப்புக்கொண்டால் மூன்று வருடத் தாள்களும் பொய் என்று ஆகிவிடும். அதற்கு ஒரு மனிதனின் தலையைப் பணயம் வைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

வெளியே வந்ததும் தனலட்சுமி என்னைக் கேட்டாள்: "நீங்கதான அக்கா எழுதனீங்க. நீங்க சொல்லக் கூடாதா?"

நான் சொல்லியிருக்க வேண்டும். அதே அறைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பார்க்கலாம், நாளைக்கு வா என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து கலியமூர்த்தியைக் காணவில்லை, இப்போது சிதம்பரம் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார், நான் பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள் என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன்.

நடைமேடையின் கோடியில் ராணுவத்தில் கொடுத்த இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். துவைத்து மடித்த பச்சைச் சட்டை, அதே நிறக் கால்சட்டை. இடுப்பில் அது நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக்காரம்மா என்று அடையாளம் தெரிந்தது.

"லீவு முடிஞ்சிடிச்சு மேடம். வண்டி வரல. நேத்தே போய்ச் சேந்திருக்கணும். லேட்டாப் போனா பதில் சொல்ல முடியாது."

போலீஸ்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் வருவதாக அறிவித்தார்கள். கலியமூர்த்தி எழுந்து பெட்டியைத் தூக்கினார். அந்த வண்டியில் அவர் ஏறினால் எங்கே போய் இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வார் என்றும் தெரியாது. நீங்கள் ஓய்வு பெற்று வருடக்கணக்காகிறது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

"கலியமூர்த்தி, உங்க லீவு பதினஞ்சு நாள் நீட்டிச்சிருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன். உங்க கையெழுத்து பாக்கி."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நான் ஒரு தாளில் அவர் பெயரும், கேட்டு வாங்கிய அவருடைய ராணுவ எண்ணும் எழுதி, மருத்துவக் காரணத்தால் விடுப்பு நீட்டிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். ரயில் வந்து நின்றது.

"சீல் இல்லயே மேடம்."

"டாக்டர்கிட்ட இருக்கு. ஆட்டோ வெளிய நிக்குது. போயி வாங்கிக்கலாம்."

ரயில் போகும்வரை அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பின்னால் வந்தார். தனலட்சுமி வாசலில் எங்களைப் பார்த்தாள். நேராக வந்து பெட்டியின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பழைய மனநல மருத்துவரின் வீடு கீழ வீதிக்குப் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமை என்று அவர் முகம் சுளிக்கவில்லை. ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், அந்தத் தாளை வாங்கி அதில் தன் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். கலியமூர்த்தி உள்ளே படுத்துத் தூங்கிய பிறகு என்னிடம் வந்தார். "எங்கிட்ட வந்தவங்க எத்தன பேருன்னு மட்டும் நீங்க எழுதியிருந்தீங்கன்னா, இன்னைக்கி நான் அங்கதான் இருந்திருப்பேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் அலுவலகத்தில் குறியீட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஆறு வருடமாக அதில் நான் பார்த்திருந்தது எண்கள் இருந்த நடுப் பக்கங்களை மட்டும்தான். பின்னால் விதிகள் இருந்தன. குறியீடு என்பது செய்த சேவையை எண்ணுவதற்கானது, நோயாளியைக் குறிப்பதற்கானது அல்ல. மேலிடத்துக்குப் போகும் தாளில் பெயர் இருக்கக் கூடாது. நோயாளியின் கையில் இருக்கும் எந்த ஆவணத்திலும் குறியீட்டை எழுதக் கூடாது.

மூன்றாவது வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தனலட்சுமி முறையிட்டது டாக்டரைப் பற்றி அல்ல, நான் குத்திய ஸ்டாம்பைப் பற்றி. ஸ்டாம்பே குத்தாமல் இருந்திருந்தால் போதும். கணக்கையும் காப்பாற்றியிருக்கலாம், அவள் மகளின் கல்யாணத்தையும் காப்பாற்றியிருக்கலாம். வரிசை நேராக நிற்பதற்காக ஒருவர் விதியை மீறினார். அந்த மீறலை மூடுவதற்குக் கணக்கைப் பொய்யாக்கினோம். பொய்க் கணக்கைக் காப்பாற்ற நோயே இல்லை என்று சொன்னோம். ஒவ்வொரு படியிலும் என் கையெழுத்து இருந்தது.

எங்கள் மருந்தாளர் மெஹ்ருன்னிசா பரங்கிப்பேட்டைக்காரி, எனக்குப் பத்து வயது இளையவள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க ஏட்டுலதான் இல்ல அக்கா, என் ஏட்டுல இருக்கு" என்றாள். மருந்து கொடுத்த பதிவேட்டில் ஒவ்வொரு மனநல மாத்திரையும் தேதியோடு இருந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவள் தேதி வாசிக்க, நான் என் பேரேட்டில் அதே தேதியில் நூற்றுப் பத்து என்று போட்ட வரியைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் பென்சிலால் குறித்தேன். பெயர் இல்லாத ஒரு பட்டியலாக அதைத் திருப்பி எழுதினோம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே திரும்ப எடுத்துப் போன நாட்கள் உண்டு.

பொறுப்பதிகாரிக்கு அது தெரிந்துவிட்டது. கூப்பிட்டார். "ரிட்டயர் ஆவ கொஞ்ச நாள்தான இருக்கு உங்களுக்கு? எதுக்கு இந்த வேல? கையெழுத்து உங்களுது. எங்கிட்டேர்ந்து எழுத்துல எந்த ஆர்டரும் வரல." அது உண்மை. வாயால்தான் சொல்லியிருந்தார். பயந்தேன். அன்று பஸ்ஸில் ஊர் வரும்வரை, பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கிழிக்கவில்லை. அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கப்படி கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"மேடம், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின கணக்கு மூணு வருசமாத் தப்பு."

"தெரியாமப் போட்டீங்களா, தெரிஞ்சு போட்டீங்களா?" என்றார்.

"தெரிஞ்சுதான் போட்டேன்."

பட்டியலைக் கொடுத்தேன். மெஹ்ருன்னிசா யாரும் கூப்பிடாமலே தன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பொறுப்பதிகாரி தனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது என்றார். நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

மனநலப் பிரிவு திரும்ப வர 2011இன் பாதி ஆகிவிட்டது. எனக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது, என் பணிப் பதிவேட்டில் அது இன்றும் இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, நான் சம்பாதித்தது அது. பதவிக் காலம் முடிந்து போனபோது பொறுப்பதிகாரிக்கு மாலை, சால்வை, குத்துவிளக்கு. நிர்வாகத் திறமை என்று ஐந்து பேர் பேசினார்கள். கலியமூர்த்தியிடம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வரவில்லை. அவர் மகளுக்குப் பிறகு வேறோர் இடத்தில் கல்யாணம் ஆயிற்று, அவரே முன்னால் நின்று பந்தி பார்த்தார் என்று தனலட்சுமி சொன்னாள். என்னை அழைக்கவில்லை. அதுவும் சரிதான்.

ஆகவே, புதிதாக வந்திருப்பவர்களே, விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். வாயால் சொல்கிற உத்தரவை, எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். இரக்கப்பட்டுப் பொய் எழுதத் தோன்றினால், அந்தப் பொய் எந்த ஊரில் யார் மேசைக்குப் போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் நான் எழுதிய பொய்த் தாள் யார் மேசைக்கும் போகவில்லை. அது அவர் சட்டைப் பைக்குத்தான் போயிற்று.

பிரிவு மறுபடி திறந்த முதல் சனிக்கிழமை, பழைய நோட்டுகளுக்கெல்லாம் எண் இல்லாத புது அட்டை போட்டு வைத்திருந்தோம். வரிசையில் நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர் நின்றார், கரும்பு ஆலைக்கு டிராக்டர் ஓட்டுபவர். அவருக்குப் பின்னால் அதே ஊரில் காவலாளி வேலை பார்ப்பவர் வந்து நின்றார். இருவரும் ராணுவத்தில் இருந்தவர்கள், ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. இத்தனை வருடமும் ஒருவர் காலை முதல் பஸ்ஸிலும் மற்றவர் பதினொரு மணி பஸ்ஸிலுமாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்துபோயிருக்கிறார்கள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"நீயுமா மாமா?"

"ஏழு வருசமாச்சு மச்சான்."

முன்னால் நின்றவர் பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மற்றவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயந்திரம் நான் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப் பக்கம் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனார்கள்.